சாட்ஸ்வொர்த்துக்கு எம்.பி. யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர இந்தியர்களின் ஓட்டுரிமை பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1984-இல், இந்தியர்கள் நிறைய வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த்துக்குத் தொகுதிகள் கிடைத்தன, எம்.பி.க்கள் வந்தார்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த இரண்டு வரிக்காக எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் பல மாதம் பேசிக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், ஓட்டு என்பதே 1984-இல் புதிதாக வந்தது போலக் கட்டுரையில் இருக்கிறது. அப்படி இல்லை. இருந்ததைப் பிடுங்கினார்கள். 1896-இல், டர்பன் இருக்கும் நேட்டாலின் சட்டசபை போட்ட சட்டத்தால் வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் புதிதாகச் சேர முடியாமல் போனது, 1924-இல் நகரசபைப் பட்டியலையும் அதேபோல அடைத்தார்கள். 1946-இல் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு, பார்லிமென்டின் கீழ்ச்சபையில் உங்களுக்காக மூன்று பேர் உட்காரலாம், ஆனால் மூவரும் வெள்ளைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றது, கூடவே நிலம் வாங்கவும் தடை. நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கர் முன்னால் நிற்க, நம் ஜனங்கள் அந்த இடங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து, டர்பனில் அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேரும் மூலையில் காலி நிலத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள், சுமார் 2,000 பேர் ஜெயிலுக்குப் போனார்கள். இதை எழுதாமல் 1984-ஐ எழுத முடியாது.

சரி, 1984-க்கு வருகிறேன். புதிய பார்லிமென்டில் இனத்துக்கு ஒன்றாக மூன்று சபைகள்: வெள்ளையருக்கு 178 இடம், கலர்டு எனப்பட்ட கலப்பின மக்களுக்கு 85, நமக்கு 45, அதில் 40 தொகுதிகள். நாட்டில் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றுகூட இல்லை. மாமா என்ன சொன்னார் என்றால், நம்ம ஆள் ஒருத்தன் உள்ளே இருந்தால் பள்ளிக்கூடம், வீடு என்று நாலு காரியம் கேட்கலாமே என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடு பறிபோய் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பம் அது, யாரிடமாவது கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. அப்பா ஒரே பிடிவாதம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியில் இருக்கிறவனுக்கு இல்லாத ஓட்டு எனக்கும் வேண்டாம் என்றார்.

தேர்தல் நாளான ஆகஸ்ட் 28 அன்று அப்பா வேலைக்கு லீவு போட்டார். வாசலில் முருங்கை மரத்தடியில் நாற்காலியைப் போட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார், தான் போகவில்லை என்பது தெருவுக்கே தெரியட்டும் என்று. டீயும் சாப்பாடும் அங்கேயேதான். பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். எங்கள் பக்கம் அரீனா பார்க் தொகுதியில் அமிசந்த் ராஜ்பன்சி, ரெசர்வாயர் ஹில்ஸில் பேட் பூவலிங்கம் என்று உறுப்பினர்கள் வந்தார்கள். ஓட்டு குறைவுதான், ஆனால் எங்கள் இடத்தின் பெயரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எல்லா இனத்தாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலில், 1994 ஏப்ரல் 27-இல், அப்பா முதல் ஓட்டுப் போட்டார். இன்காத்தா கட்சி கடைசி நேரத்தில் போட்டியில் சேர்ந்ததால் அதன் பெயரை வாக்குச்சீட்டின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். அது கொஞ்சம் கோணலாக இருந்தது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டில் கட்சிப் பெயர்கள் இருந்தன, சாட்ஸ்வொர்த் என்ற பெயர் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை இல்லை. கட்சிகள் வேட்பாளர் பட்டியல் தருகின்றன, வாங்கிய ஓட்டு எண்ணிக்கைக்குத் தக்கபடி ஆட்கள் பார்லிமென்டுக்குப் போகிறார்கள். 2024-இல் சுயேச்சைகள் நிற்க வழி வந்தபோதும் மாகாணம் முழுவதும் ஒரே வட்டாரம்தான்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவர் சரிந்து மண் சமையலறைக்குள் வந்துவிட்டது. வார்டு கவுன்சிலர் யார் என்று தெரியும். எம்.பி. யார்? ஒரு கட்சி அலுவலகத்தில் கேட்டேன், இந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டவர் மாறிவிட்டார், புதியவர் பெயர் இன்னும் வரவில்லை என்றார்கள்.

வழி இல்லாமல் இல்லை. தேர்தல் முறையை ஆராய அரசே அமைத்த வான் ஸில் ஸ்லாபர்ட் குழு 2003-லேயே சொன்னது: பார்லிமென்டின் 400 இடங்களில் 300-ஐ 69 தொகுதிகளாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஏழு பேர், மீதி 100 விகிதாசாரத்தைச் சரிக்கட்ட. அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. தேர்தல் சீர்திருத்தம் பற்றி மறுபடியும் பேசுகிறார்கள், இப்போதாவது நம் ஆட்கள் இதைக் கேட்க வேண்டும். நீங்கள் அந்தக் குழுவின் யோசனையை எளிய தமிழில் ஒரு பக்கம் போடுங்கள், அப்புறம் 1984-இல் ஓட்டுப் போட்டவர்கள், போடாதவர்கள் இரண்டு தரப்பையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். என் மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, அவரும் பேசத் தயார். தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி 1984 ஆகஸ்டில் வீட்டு வாசலில் போட்டுப்போன துண்டறிக்கை ஒன்றை அப்பா பத்திரமாக வைத்திருந்தார், மடிப்பில் கிழிந்திருக்கிறது. வேண்டுமானால் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்