லைனா அரங்கின் சத்தம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். என் மனைவிக்குப் புது வேலை பிடித்திருக்கிறது, அலுவலகம்தான் கொஞ்சம் தூரம். சின்னவள் இந்த வருடம் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள். அவள் சாக்கில் நானும் மறுபடி ஹாக்கி பார்க்கப் போக ஆரம்பித்திருக்கிறேன்.

உன் பையனுடைய கல்லூரியில் மைதானத்தில் மேட்ச் நடந்தால் வேடிக்கை பார்க்கக்கூட ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். "அங்கே ஐஸ் ஹாக்கிக்குப் பசங்க இன்னும் அதே மாதிரி கத்துறாங்களா?" என்றும் கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம்.

முதலில் ஒரு துக்கச் செய்தி. நாம் படித்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் பழைய கோல் காவலர் கென் டிரைடன் 2025 செப்டம்பரில் காலமாகிவிட்டார். நாம் கார்னெல் போய்ச் சேர்ந்தபோது அவர் ஆடி முடித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் நம் ஐஸ் ஹாக்கி அரங்கமான லைனா ரிங்கில் அவர் பெயரைக் கேட்காமல் ஒரு மாலை போகாது. கல்லூரிக்காக அவர் கோலில் நின்ற ஆட்டங்களில் 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். 1967இல் முதல் தேசியப் பட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். அவர் போன பிறகு 1970இல் ஆடிய 29 ஆட்டங்களையும் ஜெயித்து இன்னொரு பட்டம். இதையெல்லாம் நாம் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பார்த்தாயா? டிக்கெட் வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது.

அந்த வரிசையைப் பற்றித்தான் சமீபமாக நிறைய யோசிக்கிறேன். சீசன் டிக்கெட்டுக்காக ராத்திரி முழுக்கப் போர்வையும் பாடப் புத்தகமுமாகக் கிடந்தோமே, அப்போது அது வெறும் காத்திருப்பாகத்தான் தெரிந்தது. நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வெர்மான்ட் பெண்ணை நினைவிருக்கிறதா? மூன்றாம் வருட மாணவி. பனிக்கட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் மட்டுமே பார்த்திருந்த நம் இரண்டு பேருக்கும் ஆஃப்சைடு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, எப்போது எதைக் கத்த வேண்டும் என்பது வரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். எதிரணி வீரர்களின் பெயரை அறிவிக்கும்போது செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்து, படிப்பது போல நின்று, "போர்!" என்று சலித்துக்கொள்ள வேண்டும், அறிவிப்பு முடிந்ததும் தாளைக் கசக்கி ஐஸ் மேல் எறிய வேண்டும். தேசிய கீதத்தில் "ரெட்" என்ற சொல் வரும்போது அரங்கமே அதைச் சேர்த்துக் கத்த வேண்டும், ஏனென்றால் நம் நிறம் சிவப்பு. எதிரணியின் கோலி, அதாவது கோல் காவலர், கோல் விட்டுவிட்டால் சல்லடை என்று பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும். "எல்லாம் உன்னாலதான்" என்று அவனை நோக்கி விரல் நீட்ட வேண்டும்.

அப்புறம் அந்தப் பசு மணி. பார்வையாளர் இருக்கைகளின் பி பிரிவில் ஒருவர் அதை அடிப்பார், நாலாயிரம் பேர் அந்தத் தாளத்துக்குக் கை தட்டுவார்கள். அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போகும்போது மணி இன்னொருவர் கைக்குப் போய்விடும். அதற்கு விண்ணப்பப் படிவமோ நேர்முகத் தேர்வோ இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. நம் ஊர் மார்கழி பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா கைமாறுவது மாதிரிதான். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தப்பாமல் தட்டுகிற பிள்ளையின் கையில் ஒரு நாள் அது வந்துவிடும்.

ஹார்வர்ட் ஆட்டத்து மீன் கதையை உன் பையனுக்குச் சொல்லியிருக்கிறாயா? நம் பல்கலைக்கழகத்தில் விவசாயக் கல்லூரி இருக்கிறது என்று கேலி செய்ய 1970களில் ஹார்வர்ட் ரசிகர்கள் நம் கோலியை நோக்கிச் செத்த கோழியை எறிந்தார்கள். அதற்குப் பதிலாக, அவர்கள் கடலோரக்காரர்கள் என்பதால், லைனாவுக்கு அவர்கள் வரும்போதெல்லாம் மீன் பறக்க ஆரம்பித்தது. வாசலில் சோதனை உண்டு, ஆட்டம் தொடங்கிய பிறகு எறிந்தால் நம் அணிக்கே தண்டனை விழும். அப்படியும் நமக்கு முன்வரிசையில் நின்ற பையன் ஜாக்கெட்டின் கைப்பகுதிக்குள்ளிருந்து வாலைப் பிடித்து ஒன்றை உருவினான். உறையவைத்த மீன். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாசலில் நின்றதில் சட்டையின் ஒரு பக்கம் முழுக்க ஈரமாகியிருந்தது. சைவக்காரனான நீ ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையை ஆட்டிக் கத்தியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

லைனா பெரிய அரங்கம் இல்லை. 1957இல் திறந்தது, 4,267 பேர்தான் பிடிக்கும். கூரை தாழ்வு, அதனால் சத்தம் வெளியே போகாமல் உள்ளேயே சுழலும். மாணவர்கள் யாரும் உட்கார்வதில்லை. நாம் பார்த்த 2002-03 சீசனில் 30 வெற்றி, 5 தோல்வி, 1 சமன். தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகப் பஃபலோ நகரம் வரை போய், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்திடம் 3-2 என்று தோற்றுத் திரும்பினோம். திரும்பி வரும் வழியில் காரில் யாரும் பேசவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

நான் இருக்கும் ஊரிலும் ஒரு கல்லூரி இருக்கிறது, நல்ல அணி. பெயர் வேண்டாம், ஏனென்றால் இது அந்த ஒரு கல்லூரியின் குறை இல்லை. போன மாதம் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மாணவர் பகுதியில் பாதி காலி. வந்திருந்தவர்களும் முதல் இடைவேளையில் கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் ஒரு பையன் இரும்புத் தடுப்பைத் தட்டி ஒரு தாளத்தை ஆரம்பித்தான். அவனுக்குப் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அது பரவப்போகிறது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து விசில், ஆட்டம் நின்றது. நின்ற அடுத்த நொடியே ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு. தலைக்கு மேலே பெரிய திரையில், சத்தம் போடுங்கள் என்று எழுத்து மின்னியது. பையன் இன்னும் நாலு தட்டு தட்டிப் பார்த்தான். அவன் சத்தம் அவனுக்கே கேட்டிருக்காது. உட்கார்ந்து போனை எடுத்துவிட்டான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, மாப்ளே. சத்தம் போடச் சொல்லிக் கேட்கிற அந்தத் திரையே, தானாகக் கிளம்பிய சத்தத்தை அமுக்குகிறது. கூட்டத்தின் கோஷம் பிறப்பதே ஆட்டம் நிற்கும் அந்த முப்பது, நாற்பது நொடி இடைவெளியில்தான். ஒருவர் ஆரம்பிக்க வேண்டும், பத்துப் பேர் காதில் விழ வேண்டும், நூறு பேர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நொடிகளையெல்லாம் விளம்பரத்துக்கும் பாட்டுக்கும் டி-ஷர்ட் எறிவதற்கும் விற்றுவிட்டால், மாணவன் வெறும் பார்வையாளன் ஆகிவிடுகிறான். வெறுமனே பார்ப்பதென்றால் அறையிலிருந்தே பார்க்கலாம். இப்போது கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் ஏதாவது ஓர் இணையச் சேவையில் நேரலையாக வந்துவிடுகின்றன.

பசங்களுக்கு ஆர்வமில்லை, எல்லாம் போன் செய்த வேலை என்று என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போன் ஒரு காரணம்தான், அதற்காகப் பழியை முழுக்கப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மேல் போடக்கூடாது. இந்தப் பழக்கங்கள் எப்படிக் கைமாறின என்று பார்க்க வேண்டும். கல்லூரியில் ஒரு தலைமுறை என்பது நான்கே வருடம். நாலாம் வருடத்துக்காரன் முதல் வருடத்துக்காரனுக்குப் பக்கத்தில் நின்றால்தான் எதுவும் போய்ச் சேரும். டிக்கெட் வாங்குவது போனில் இரண்டு தட்டில் முடிகிறது, அது வசதிதான், குளிரில் கிடக்கச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனால் வரிசையோடு அந்த வெர்மான்ட் பெண்ணும் போய்விட்டாள். அவள் இடத்தில் வேறு யாரையும் யாரும் வைக்கவில்லை.

கோவிட் அந்தச் சங்கிலியை எப்படி அறுத்தது என்று பார். 2020 மார்ச்சில் கார்னெல் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. தேசியப் போட்டியே ரத்து. அடுத்த 2020-21 சீசனை கார்னெல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் ஆடவே இல்லை. 2021 குளிர்காலத்தில் லைனா மறுபடி திறந்தபோது கணக்குப் போட்டுப் பார்: முதல் இரண்டு வருடத்து மாணவர்கள் அங்கே ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. மூன்றாம் வருடத்தார் ஒரே ஒரு சீசன், அதுவும் முடிவு அறுந்தது. முழுதாகத் தெரிந்தவர்கள் கடைசி வருடத்தார் மட்டும். அவர்களும் ஆறேழு மாதத்தில் கிளம்பிவிடுவார்கள். அறுபது வருடப் பழக்கம் அந்த ஒரே வகுப்பின் தோளில் தொங்கியது. கையில் பிடிக்கச் செய்தித்தாளுக்கே தட்டுப்பாடு: நம் மாணவர் பத்திரிகை கார்னெல் டெய்லி சன் 2016லேயே தினமும் அச்சடிப்பதை நிறுத்திவிட்டது.

ஆட்டத்தின் அமைப்பு மாறியதும் ஒரு காரணம். மினசோட்டா, நார்த் டகோட்டா பல்கலைக்கழக அணிகளுக்குள் ஜென்மப் பகை, வருடா வருடம் மோதுவார்கள். 2013இல் மினசோட்டா பிக் டென் லீக்குக்குப் போக, நார்த் டகோட்டா வேறு லீக்குக்குப் போக, அந்தப் பகை சில வருடங்களுக்குக் காலண்டரிலிருந்தே விழுந்துவிட்டது. மினசோட்டாவின் மினியாபொலிஸ் அரங்கில் அதற்குப் பிறகு காலி இருக்கைகள் கண்ணில் பட ஆரம்பித்தன. தொலைக்காட்சிப் பணத்துக்காக எடுத்த முடிவு. ரசிகனுக்கு யாரைப் பார்த்துக் கத்துவது என்பதே போய்விட்டது. இப்போது வீரர்களும் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறலாம். முதல் வருடத்தில் பார்த்த பையன் நாலாம் வருடத்தில் கேப்டனாக நிற்பதைப் பார்க்கிற சுகம் குறைந்துகொண்டே வருகிறது.

எல்லாப் பழக்கமும் காப்பாற்ற வேண்டியதுதான் என்று நான் சொல்லவில்லை. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் அரங்கில் தண்டனை வாங்கி வெளியேறுகிற வீரனை வழியனுப்புகிற கோஷம் ஒன்று உண்டு. வருடம் ஏற ஏற அதில் கெட்ட வார்த்தைகளின் பட்டியலும் நீண்டது. நிறுத்தச் சொல்லி நிர்வாகமும் பயிற்சியாளரும் பலமுறை கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். பத்தொன்பது வயதுப் பையனின் அம்மாவை இழுத்துப் பேசுவதில் வீரம் ஒன்றுமில்லை. நாம் இருந்த காலத்திலும் காது கூசும் சில கோஷங்கள் இருந்தன, அவை போனதில் எனக்கு வருத்தமே இல்லை. என் ஆற்றாமை வேறு. வசையை நிறுத்துகிற பல இடங்களில் கூடவே மாணவர்களின் மொத்தக் குரலையும் நிறுத்திவிடுகிறார்கள்.

நம்பிக்கை தருகிற விஷயமும் இருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு முதல் டிவிஷன், அதாவது கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்ட ஹாக்கி வந்ததே 2012இல்தான். 2013இல் அரங்கம் கட்டும்போதே கோலுக்குப் பின்னால் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்கள் நிற்கும்படி செங்குத்தான ஒரு பகுதியை அமைத்தார்கள். ஐஸைப் பார்த்துக் கவிழ்ந்த மாதிரி நிற்பார்கள். எந்தப் பழைய மரபும் கையில் இல்லாமல் ஆரம்பித்தவர்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தங்களுக்கென்று கோஷங்களை உண்டாக்கிவிட்டார்கள். 2025இல் கடைசி நான்கு அணிகளுக்குள்ளும் வந்தார்கள். நிற்க இடமும் நெருக்கமும் கொடுத்தால் இந்தத் தலைமுறையும் கத்தத்தான் செய்கிறது.

லைனாவிலும் ஹார்வர்ட் வந்தால் இன்றைக்கும் நிறைகிறது. மைக் ஷேஃபர் முப்பது வருடம் பயிற்சியாளராக இருந்து 2025இல் ஓய்வு பெற்றார். கடைசி சீசனில் லேக் பிளாசிட் ஊரில் கிளார்க்சன் அணியை வென்று லீக் கோப்பையோடு போனார். நம் காலத்தில் அவர் பயிற்சியாளர்; அதற்கு முன் அவரே அங்கே மாணவனாக ஆடியவர். ஹார்வர்டுக்கு எதிராகத் தன் மட்டையை ஹெல்மெட்டில் அடித்து முறித்தார் என்ற கதையை நம் வரிசையில் யார் சொன்னது? இன்று முதல் வருடம் சேர்கிற பிள்ளைக்கு அதை யாராவது சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

தடுப்பைத் தட்டிய பையனை ஆட்டம் முடிந்து வாசலில் பிடித்துப் பேசினேன். இரண்டாம் வருடம், சிவில் படிக்கிறான். செய்தித்தாள் விஷயத்தைச் சொன்னதும் கண் விரிந்தது. அவனும் நண்பர்களுமாக அரங்க மேலாளரிடம் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறார்கள்: ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும் முதல் இரண்டு முறை ஆட்டம் நிற்கும்போது ஒலிபெருக்கி வேண்டாம், பேண்ட் வாத்தியக்காரர்களும் மாணவர்களும் பார்த்துக்கொள்வோம் என்று. அவ்வளவுதான் கேட்கிறான். ஒரு பெற்றோராக நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

உன் பையனிடமும் சொல். ஆள் இல்லை என்று அவனும் அறைக்குப் போய்விட வேண்டாம். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். ஆடுகிற பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துகொண்டு கூப்பிட்டாலே போதும், அடுத்த முறை அவர்கள் வேறு மாதிரி ஓடுவார்கள்.

அலுவலக வேலையாகக் குளிர்காலத்தில் நியூஜெர்சி வருவாய் என்று எழுதியிருந்தாயே, தேதி உறுதியானதா? நம் கார்னெல் இருக்கும் இதாக்கா அங்கிருந்து நாலு மணி நேரம்தான். வார இறுதி கிடைத்தால் நான் காரில் வந்து கூட்டிக்கொள்கிறேன். கனமான சாக்ஸும் கையுறையும் எடுத்துக்கொண்டு வா, மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது. ஹார்வர்ட் ஆட்டத்துக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் தேதி தெரிந்த அன்றே சொல்லிவிடு.

அம்மா அப்பாவுக்கு என் நமஸ்காரம். தங்கச்சிக்கும் பையனுக்கும் அன்பு.

உன்,
பழைய ரூம்மேட்