'டிகேட்' முதலில் பார்க்க வேண்டிய தொடரல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானிய சூப்பர் ஹீரோ தொடர்களுக்குப் புதியவர்களிடம் பலரும் 2009-இல் வந்த 'காமென் ரைடர் டிகேட்'டைப் பரிந்துரைக்கிறார்கள். அது சரியல்ல. முந்தைய 'காமென் ரைடர்' தொடர்களின் ரைடர்கள், அதாவது முகமூடி நாயகர்கள், வாழும் உலகங்களுக்கு டிகேட் என்ற ரைடர் பயணிப்பதே கதை. மொத்தம் 31 அத்தியாயங்கள். அவற்றில் 2 முதல் 19 வரை ஒன்பது ரைடர்களின் உலகங்களுக்குத் தலா இரண்டுதான். அந்த ஒன்பது பேரில் ஒருவர் கூகா. 2000-இல் வந்த மூலத் தொடரில் கூகாவாக மாறுபவர் யூசுகே கொதாய். இங்கே யூசுகே ஒனொதேரா. நடிகரும் வேறு, கதையும் வேறு. மூலம் தெரியாதவருக்கு இந்த மாற்றத்தின் சுவை எட்டாது. முதலில் கூகாவின் 49 அத்தியாயங்களையாவது பார்த்துவிடுங்கள்.

டிகேட்டில், ரைடர்களே இல்லாத, வேறொரு சூப்பர் ஹீரோ தொடரான ஷின்கெஞ்சரின் உலகுக்குப் போகும் 24, 25 இரண்டும் அருமை! ஆனால் இறுதி அத்தியாயம் சண்டையின் நடுவிலேயே அறுந்துபோகிறது. மீதிக் கதை டிசம்பரில் வந்த திரைப்படத்தில்தான். வாராவாரம் காத்திருந்த சிறுவர்களுக்கு அது அநீதி.

– ஒரு ரசிகர்