‘மா’ என்று ஒலிப்பதெல்லாம் உறவாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மொழிப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரை, ‘அம்மா’, ‘மா’ ஆகியவற்றோடு ஒலியில் ஒத்த பிறமொழிச் சொற்களை அடுக்கி, அம்மொழிகள் யாவும் தமிழிலிருந்து கிளைத்தவை என்று முடித்திருந்தது. கட்டுரையாளரின் தமிழ்ப்பற்றோடு எனக்குப் பிணக்கில்லை. அவர் கையில் எடுத்த அளவுகோலோடுதான் பிணக்கு. ஓரசைச் சொற்களைச் சான்றாக ஏற்றால் எந்த மொழியையும் எந்த மொழிக்கும் பிள்ளையாக்கிவிடலாம்.

நன்னூல் கணக்கிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ‘மா’வும் ஒன்று. மரம், விலங்கு, பெருமை, கருமை, அரைத்த மாவு, இருபதில் ஒரு பங்கு எனத் தமிழுக்குள்ளேயே அது பல பொருள் தருகிறது. கடைசிப் பொருள் நில அளவையிலும் அப்படியே நிற்கிறது. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லின் பல முகங்கள் என்று கொள்ள இயலாது. சொற்கள் சேரும்போது நிகழும் எழுத்து மாற்றத்தை, அதாவது புணர்ச்சியைக் கவனித்தாலே இது விளங்கும். மரத்தைக் குறிக்கும் மா, பழத்தோடு சேரும்போது மெல்லெழுத்துப் பெற்று ‘மாம்பழம்’ ஆகிறது. அரைத்த மா, பொருளோடு சேரும்போது வல்லெழுத்து மிகுந்து ‘மாப்பொருள்’ ஆகிறது. பெருமையைச் சுட்டும் மாவோ எதையும் பெறாமல் ‘மாபெரும்’ என்று வருகிறது. காதுக்கு ஒன்றாகப் படுகிற இவற்றை மொழி வெவ்வேறாகவே நடத்தி வந்திருக்கிறது.

பிற மொழிகளுக்குப் போனால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. இத்தாலிய மொழியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. ‘மேலும்’ என்று பொருள்படும் ‘மகிஸ்’ என்ற இலத்தீன் சொல் தேய்ந்து அப்படி ஆயிற்று. ஹங்கேரிய மொழியில் அது ‘இன்று’. அரபியில் ‘என்ன’ என்ற வினாவாகவும் எதிர்மறையாகவும் வரும். சீன மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தாய், நார்ச்செடி, குதிரை, திட்டுதல் என்று நான்கு சொற்களாகும். தமிழிலும் குதிரைக்கு ‘மா’ என்ற பெயர் உண்டே என்று இங்கே துள்ளத் தோன்றும். தமிழ்ச் சொல்லோ பொதுவாக விலங்கைக் குறிப்பது. குதிரை அதில் அடங்கும். சீனச் சொல்லின் பழைய வடிவத்தில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்ததாக வரலாற்று மொழியியலார் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். அதற்கு உறவான பர்மியச் சொல்லின் எழுத்துவடிவில் அந்த ரகரம் இன்றும் இருக்கிறது. பழமையை நோக்கிச் செல்லச் செல்ல இரு சொற்களும் விலகுகின்றன.

‘அம்மா’வின் கதை வேறு. பால் குடிக்கும் குழந்தை இதழ்களை மூடியபடி எழுப்பும் மூக்கொலியே தாயைக் குறிக்கும் சொற்களில் மகரம் மலிந்திருப்பதற்குக் காரணம் என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விளக்கினார். அவர் பயன்படுத்திய, மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் திரட்டிய 1,072 பெற்றோர்ப் பெயர்களில், தாயைக் குறிப்பவற்றில் 55 விழுக்காட்டில் மூக்கொலி வருகிறது. தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காடுதான். ஆக, ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்காமலே எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறத்தாழ அதே ஒலிகளை எழுப்ப, பெற்றோர் அதற்குப் பொருள் கற்பிக்கிறார்கள். இதுவும் முழு விதியன்று என்பதற்கு ஜார்ஜிய மொழி சான்று. அங்கே ‘மாமா’ என்றால் தந்தை, தாய்க்குப் பெயர் ‘தெதா’.

கட்டுரையாளர் பெரிதும் நம்பிய இன்னொரு இணை, தமிழ் ‘எட்டு’, ஆங்கில ‘எய்ட்’. ஆங்கிலச் சொல்லின் உறவினர்கள் ஜெர்மன் ‘ஆஹ்ட்’, இலத்தீன் ‘ஒக்டோ’, சமஸ்கிருத ‘அஷ்ட’. தமிழ்ச் சொல்லின் அடியை எண்பது, எண்ணூறு, எண்திசை ஆகியவை காட்டிக்கொடுக்கின்றன, அது ‘எண்’. ‘ஒக்டோ’வுக்கும் ‘எண்’ணுக்கும் இடையே என்ன ஒற்றுமை?

மெய்யான உறவு பெரும்பாலும் ஒலி ஒத்திருப்பதில் வெளிப்படுவதில்லை. ஒலி ஒழுங்காக மாறுவதில் வெளிப்படுகிறது. தமிழின் பால், பல், புலி, பத்து ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என்று நிற்கின்றன. சொல் முதலில் வரும் பகரம் இப்படி வரிசையாக ஹகரமாவது தற்செயலாக நேராது. 1816-இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸும் 1856-இல் கிறித்தவ சமயப் பணியாளர் கால்டுவெல்லும் திராவிட மொழிகளின் உறவை எடுத்துக்காட்டியபோது ஓரிரு சொற்களின் ஒலி மயக்கத்தை நம்பியிருக்கவில்லை. தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் சங்கப் பாடலும் சான்றாக இருக்க, சீனக் குதிரையை எதற்காகத் துணைக்கு அழைக்க வேண்டும்?

இத்தகைய கட்டுரைகளைத் தாங்கள் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆர்வமூட்டும் பகுதி அது. பிறமொழிச் சொல்லைத் தரும்போது அதன் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தையும், அதே ஒலிமாற்றம் காணப்படும் வேறு நான்கைந்து சொற்களையும் உடன் தருமாறு எழுதுவோரிடம் கேளுங்கள். தர இயலாதவற்றை ‘ஒலி ஒப்புமை மட்டும்’ என்ற குறிப்போடு வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்