தலைகளை எண்ணினால் போதுமா?

அன்புள்ள நண்பா,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது என் ஆத்திரத்தைக் கேள்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு அலுவலக இடம் தேவைப்படும் என்று கணித்து ஓர் அறிக்கை கொடுத்தேன். அதிலிருந்த கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் வெட்டிவிட்டு, நடுவில் இருந்த எண்ணை மட்டும் அச்சுக்கு அனுப்பப் போகிறார்கள். முதலீட்டாளர்கள் ஒரே எண்ணைத்தான் கேட்கிறார்களாம். வாத்தியார் இருந்திருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும், கடைசி பெஞ்சில் நீதான் குனிந்திருப்பாய்.

கணக்கின் போக்கு உனக்குத் தெரியும். மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் எத்தனை கூடும் என்று பார்த்து, ஒருவருக்கு இத்தனை சதுர அடி என்று பெருக்குகிறோம். முதல் எண்ணுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். இரண்டாவதைப் போன அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறோம். தவறு பிறப்பதே அந்த இரண்டாவது எண்ணில்தான். 2012இல் கோர்நெட் குளோபல் என்ற அமைப்பு நிறுவனங்களைக் கேட்டு ஒரு கணக்கு வெளியிட்டது. 2010இல் ஆளுக்கு 225 சதுர அடியாக இருந்தது 176 ஆகிவிட்டது, 2017க்குள் பல நிறுவனங்களில் 100க்கும் கீழே போய்விடும் என்றார்கள். 2017 வந்தது, சராசரி 100இன் பக்கம்கூட வரவில்லை.

பிறகு தொற்றுக்காலம். அமெரிக்காவில் வேலைகள் திரும்பின, வாடகைக்கு எடுத்த இடம் திரும்பவில்லை. 2023 கடைசியில் அங்குள்ள பெருநகரங்களில் அலுவலகக் காலியிடம் 19.6 சதவீதம் என்று மூடிஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 1986லும் 1991லும் தொட்ட 19.3 சதவீத உச்சத்தை அது தாண்டிவிட்டது. அன்றைக்குக் கட்டடங்களை அளவுக்கு மீறிக் கட்டியதால் வந்த காலியிடம் அது. இன்றைக்குச் சம்பளப் பட்டியலில் ஆள் இருந்தும் நாற்காலி காலியாக இருக்கிறது. தலைகளை எண்ணும் சூத்திரம் இதை எப்படிப் பிடிக்கும்?

"அப்படியானால் பாதி இடம் போதும்" என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். அவசரப்படாதே. ஒரு குத்தகைதாரரின் நுழைவு அட்டைப் பதிவுகளை வரி வரியாகப் படித்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குள் எல்லா மேசைகளும் நிரம்பிவிடுகின்றன, கூட்ட அறைக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு தளம் முழுவதும் விளக்கே போடுவதில்லை. வாரச் சராசரி பாதிதான். ஆனால் அவர் செவ்வாய்க்கிழமைக்குத்தான் இடம் வைத்திருக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை நெரிசலை அவர் எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்பது குத்தகை முடியும்போதுதான் வெளியே தெரியும். ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகளுக்கு எழுதிய குத்தகைகள்! இந்தக் காலாண்டில் நிரம்பிய பரப்பு, காலியான பரப்பு என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி என்றோ எடுத்த முடிவுகளின் விளைவு. இவ்வளவு தெரிந்தும் ஒரே எண்ணை எப்படிக் கொடுப்பது?

உன் கிடங்கு விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிலும் எல்லாம் நிரம்பியிருக்கிறது, இப்போதே கட்டினால்தான் உண்டு என்று எழுதியிருந்தாய். எனக்கு அடிவயிறு கலங்கியது. கிடங்கில் ஆளை எண்ணிப் பயனில்லை, சரக்கைப் பார்க்க வேண்டும். தொழில் உற்பத்தி, கொள்முதல் மேலாளர் குறியீடு (நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களைக் கேட்டு, தொழில் வளர்கிறதா சுருங்குகிறதா என்று மாதாமாதம் சொல்லும் எண்), இணைய வணிகத்தின் பங்கு இவையெல்லாம் உதவும். கடை வழியாக விற்பதைவிட இணையம் வழியாக விற்க ஏறத்தாழ மூன்று மடங்கு கிடங்கு இடம் வேண்டும் என்பது கிடங்குகளை வாடகைக்கு விடும் புரோலாஜிஸ் நிறுவனத்தின் கணக்கு. 2020இல் இணைய வணிகம் திடீரென்று எகிறியபோது எல்லோரும் வரைபடத்தில் அந்த வளர்ச்சிக் கோட்டை அப்படியே மேலே நீட்டினார்கள். 2022 ஏப்ரலில் அமேசானே தன்னிடம் தேவைக்கு மேல் இடம் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னது. கிடங்கு கட்ட ஓராண்டு போதும். உன் கண்ணில் பட்ட பற்றாக்குறை மற்றவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும், எல்லோருடைய கூரையும் ஒரே பருவத்தில் ஏறும்.

இன்னொன்று, உயரம். 24 அடி உயரக் கிடங்கில் அடங்குவதைவிட 40 அடிக் கிடங்கில் எவ்வளவோ கூடுதலாக அடுக்கலாம். சதுர அடியை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவாய்.

ஆகவே, தயவுசெய்து கையெழுத்துப் போடாதே. அந்தப் பகுதியில் யார் யாருடைய குத்தகை எப்போது முடிகிறது, எத்தனை கிடங்குகள் கட்டுமானத்தில் இருக்கின்றன, யாராவது உள்வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறார்களா, இந்த மூன்றையும் விசாரித்து அனுப்பு. இரவோடு இரவாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன். எல்லைகளோடுதான் தருவேன், முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்.

எல்லைகளைத் திரும்பச் சேர்க்காவிட்டால் அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார். என்ன ஆனாலும் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்