ரெண்டாம் உலகப்போர் பத்தி வீடியோ போடுற தமிழ் சேனல்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் நண்பர்களே,

டேங்க், விமானம், ஹிட்லரோட கடைசி நாள்னு மணிக்கணக்கா பேசுறீங்க, நானும் விடாம பாக்குறேன், ஆனா யூதர்கள்னு வந்தா மட்டும் ரயில், கேஸ் சேம்பர், பிணக்குவியல்னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடுறீங்க. அதனாலதான் பாக்குறவங்க "அவ்ளோ பேர் இருந்தும் ஏன் திருப்பி அடிக்கல"ன்னு கேக்குறாங்க.

அடிச்சாங்க. 1943 ஏப்ரல் 19, போலந்து தலைநகர் வார்சாவுல யூதர்கள மதில் கட்டி அடைச்சு வச்சிருந்த கெட்டோவுல மிச்சம் இருந்தவங்கள அள்ளிட்டுப் போக ஜெர்மன் படை உள்ள வந்தப்போ கைக்குண்டும் பெட்ரோல் பாட்டிலும்தான் வரவேற்றுச்சு. தலைவர் மொர்தெகாய் அனியெலெவிச், இருபதுகள்ல இருந்த பையன். மூணு நாள்ல முடிச்சிடலாம்னு வந்தவங்களுக்கு கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆச்சு, கடைசியில வீடு வீடா தீ வச்சுதான் முடிச்சாங்க.

முன்னாடியே ஏன் செய்யலன்னா, ஒருத்தர் சுட்டா ஜெர்மன்காரன் நூறு பேர கொல்லுவான், வீட்ல வயசான அம்மா, கைக்குழந்தை, ஜெர்மன்காரனுக்கு வேலை செய்றவங்கன்னு காட்டுற வேலை அட்டை இருந்தா தப்பிச்சிடலாம்னு ஒரு நம்பிக்கை வேற. 1942 ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள சுமார் 2,65,000 பேர ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்ல ஏத்தி அனுப்பிட்டான், அதுக்கப்புறம் மிஞ்சுனவங்கள்ல நிறைய பேர் குடும்பத்தையே பறிகொடுத்த இளைஞர்கள், ரயில் எங்க போகுதுன்னும் தெரிஞ்சு போச்சு.

துப்பாக்கி எங்க இருந்து வரும் சொல்லுங்க? போலந்து தலைமறைவு இயக்கம் முதல்ல குடுத்தது வெறும் 10 பிஸ்டல். மீதிய சேர்த்ததுல பெரிய பங்கு பொண்ணுங்களுக்கு. யூத ஆம்பளைங்கள பிடிச்சா விருத்தசேதனத்த (சுன்னத்த) வச்சு கண்டுபிடிச்சிடுவாங்க, போலிஷ் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்க போலிஷ்காரி மாதிரியே பேசிட்டு போலி அடையாள அட்டையோட மதிலுக்கு வெளிய போய் வருவாங்க. அவங்கள்ல ஒருத்தரான விளாத்கா மீட், ட்ரெப்ளிங்கா வரைபடம் இருந்த இயக்க அறிக்கைய ஷூவுக்குள்ள வச்சு வெளிய கொண்டு வந்தாங்க, மாட்டுனா சாவுதான். ஜெயிக்க முடியாதுன்னு அத்தனை பேருக்கும் தெரியும். தெரிஞ்சே சண்டை போட்டாங்க, எனக்கு இதவிட பெரிய வீரம் எதுவும் தோணல.

வில்னா, பியாலிஸ்டாக், க்ராக்கவ்னு யூதர்கள் இப்படி எதிர்த்து நின்ன ஊர் இன்னும் எத்தனையோ இருக்கு. க்ராக்கவ்ல 1942 டிசம்பர்ல ஜெர்மன் அதிகாரிங்க கூடுற காபி கடையிலயே குண்டு போட்டாங்க.

கேக்குறது ஒண்ணுதான். தம்ப்நெயில்ல கை தூக்கி நிக்குற சின்னப் பையன் படம் போடுறீங்கல்ல, அது கெட்டோவ அழிச்ச எஸ்.எஸ். (நாஜி கட்சியோட ஆயுதப்படை) தளபதி ஸ்ட்ரூப் தன் மேலிடத்துக்கு அனுப்புன அறிக்கையில இருந்த படம். அதே அறிக்கையில ஆயுதத்தோட பிடிபட்ட பெண் போராளிங்க படமும் இருக்கு, அதுல மால்கா ஸ்த்ரோயெவிச் முகாம்கள்லயும் உயிர் பிழைச்சு வந்தாங்க. அடுத்த தடவ அந்தப் படத்தயும் போட்டு, அவங்க பேரயும் சொல்லுங்க.