‘ச’ எங்கே என்று பார்த்து வாங்குங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். உயரம் குறைந்த, கையடக்க மெக்கானிக்கல் கீபோர்டுகளைச் சேலத்தில் டி.டி.பி. வேலை செய்வோரும், ஏற்காட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்போரும் விரும்பி வாங்குகிறார்கள். பழைய டைப்ரைட்டர் போல வட்ட விசை வைத்தவைக்குக் கிராக்கி அதிகம். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்குப் பெரிய தொல்லையில்லை. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அடிப்பவர்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

தமிழ்99-க்கு 31 விசைகள் வேண்டும். ஆங்கில எழுத்து விசைகள் 26 போக, மீதி ஐந்தும் குறியீட்டு விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ச, ஞ சதுர அடைப்புக்குறிகளில், ந அரைப்புள்ளியில், ய மேற்கோளில், ழ சாய்கோட்டில். 61 விசைப் பலகையில் இவை ஐந்தும் இருக்கும். 48, 42 விசை என்று சுருக்கியவற்றில் முதலில் பறிபோவது அடைப்புக்குறிகள்தாம். அப்புறம் ‘மஞ்சள்’ என்று அடிக்க ஞ-வுக்கும் ச-வுக்கும் ஃபங்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ச இல்லாமல் தமிழில் எத்தனை வரி எழுத முடியும்? ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், விசையை மாற்றியமைக்கும் வசதி இருந்தால், மேல்வரிசையின் வலக்கோடியில் உள்ள அழிக்கும் விசையை ச ஆக்கிக்கொள்ளலாம். விரல் பழகிய இடமும் அதுதான். அழிக்கும் வேலையைக் கட்டைவிரல் விசைக்குத் தள்ளுங்கள். ஞ ஃபங்ஷன் விசையோடு சேர்த்து அடிக்கும் அடுத்த அடுக்கிலேயே கிடக்கட்டும்.

வட்ட விசை அழகுதான். ஆனால் ஒரு சதுரத்துக்குள் அடங்கும் வட்டம் அதன் பரப்பில் சுமார் 78.5 விழுக்காடுதான். மிச்சம் நான்கு மூலைகளிலும் வெற்றிடம். வேகமாக அடிக்கையில் விரல் நுனி அந்தப் பள்ளத்தில் இறங்கி இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கும். குழிந்த விசையில் தமிழ் ஸ்டிக்கரும் நிற்காது, ஓரம் முதலில் கிளம்பும்.

இதைவிடப் பெரிய தலைவலி, ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழுவது. விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சுக்குள் உள்ள தகட்டில் தூசியோ ஈரப்படலமோ படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு ஏற்படும். பனிமூட்டத்தில் ஜன்னலோரம் திறந்தே கிடக்கும் பலகைக்கு இது சீக்கிரம் வரும். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்தால் கண்ணில் பட்டுவிடும். தமிழ்99-இலோ ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ‘குடி’ அடித்தால் ‘குட்டி’, ‘படம்’ அடித்தால் ‘பட்டம்’. இரண்டும் சரியான சொல் என்பதால் பிழைதிருத்தியும் பேசாமல் விட்டுவிடும். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இதைச் சரிசெய்ய, முதலில் கேபிளைக் கழற்றி, வயர்லெஸ் என்றால் அணைத்தும் விட்டு, விசை மூடியை எடுத்து, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்டு, ஐம்பது முறை அழுத்தி, ஒரு மணி நேரம் காய விடுங்கள். கை கழுவும் சானிடைசர் கூடாது. அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுத்து விசை ஒட்டிக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். கியூஎம்கே (QMK) என்ற, கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில் ஓடும் பலகையானால், இரட்டைத் தட்டலை வடிகட்டும் நேரம் வழக்கமாக 5 மில்லிவிநாடி. அதை 8 அல்லது 10 ஆக்கிப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் சுவிட்சை மாற்ற வேண்டியதுதான்.

மாற்று வாங்கும்போதும் ஏமாறாதீர்கள். வழக்கமான செர்ரி எம்எக்ஸ் சுவிட்ச் 4 மி.மீ. இறங்கும், அதன் தண்டு கூட்டல் குறி வடிவம். உயரம் குறைந்த பலகைகளில் வரும் கைல் சாக் (Kailh Choc) சுவிட்சின் முதல் வகை 3 மி.மீ.தான் இறங்கும், மூடியின் அடியில் இரண்டு மெல்லிய கால்கள் இருக்கும். ஒன்றின் மூடி மற்றதில் ஏறாது, சுவிட்சைச் செருகும் சாக்கெட்டும் வேறு. (எங்கள் சேலத்துச் செர்ரி ரோட்டில் கேட்டாலும் இதே பதில்தான்.) அந்த மெல்லிய கால்களைச் சாய்த்து இழுத்தால் ஒன்று முறிந்து சுவிட்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கம்பி வகை இழுப்பானை மூடியின் இரு பக்கமும் கொடுத்து நேராகத் தூக்குங்கள். புது சுவிட்சைப் பொருத்துமுன் அடியில் உள்ள இரண்டு ஊசிகளும் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். வளைந்த ஊசி உள்ளே போகாமல் மடங்கிவிடும், விசை செத்தது போலிருக்கும். ட்வீசரால் நிமிர்த்தினால் போதும்.

எத்தனை விசை, எந்தத் தண்டு என்ற இரண்டையும் கடைக்காரர்கள் பெட்டியின் மேல் தமிழில் ஒட்டி வைத்தால் புண்ணியமாகப் போகும். அதுவரை கடையிலேயே ‘மஞ்சள் கிழங்கு, நெய்த சேலை’ என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். அந்த ஐந்து எழுத்தும் அதில் வந்துவிடும். நடுவில் ஃபங்ஷன் விசையைத் தேட வேண்டி வந்தால், பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கீபோர்டு பழுது பார்ப்போர் இருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.