செயலாளரின் ஆண்டறிக்கை: டாஷ்போர்டு சத்தமும் சந்தா பாக்கியும்

நம் சிங்கப்பூர்ப் பழைய கார் சங்கத்தின் தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் போகும்.

பொங்கல் சந்திப்பு நன்றாக நடந்தது. தீபாவளிக்கு முன் சாங்கி வரை கார் உலா போனோம், மழை. செயற்குழு வழக்கம்போல் கூடியது.

அடுத்து, டாஷ்போர்டு சத்தம் குறைக்கும் பயிற்சி. "செயலாளர் சங்கப் பணத்தை ஃபெல்ட் துணியில் போட்டுவிட்டார்" என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம்மில் பலருடைய கார்கள் 35 வயதைத் தாண்டி, பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் ஓடுபவை. ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறக்கலாம். மற்ற நாளெல்லாம் நின்றே ரப்பர் இறுகுகிறது, நுரைப்பஞ்சு பொடியாகிறது, மரப்பலகை வெயிலில் சுருங்கி ஈரத்தில் உப்புகிறது. 1958இல் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி ரோல்ஸ்ராய்ஸுக்கு எழுதிய விளம்பரம் பலருக்கும் தெரியும்: மணிக்கு 60 மைல் வேகத்தில் போனாலும் காருக்குள் கேட்கிற பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையதுதானாம். நம் வண்டிகள் பலவற்றில் கடிகாரமே ஓடுவதில்லை. சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை.

பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது, ஒட்டுவதற்கு முன் தேடுங்கள் என்பதைத்தான். பியூட்டில் ஷீட் என்கிற ஒட்டும் ரப்பர் விரிப்பை வாங்கிக் கண்ட இடத்தில் ஒட்டுகிறார்கள். அது தகடு அதிர்வதைக் குறைக்கும், அவ்வளவுதான். இரண்டு பாகம் உரசிக் கிறீச்சிட்டால் இடையில் ஃபெல்ட்டோ துணி டேப்போ போக வேண்டும். கடகடவென்றால் திருகையும் கிளிப்பையும் பாருங்கள்.

மெர்சிடிஸ் டபிள்யூ123 வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் டாஷ்போர்டையே கழற்றிவிடலாம் என்று வந்தார். சிக்னலில் நிற்கும்போதுதான் அதிகம் அதிர்கிறது என்றார். பார்த்தால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் உட்கார்ந்துபோயிருந்தது. அதை மாற்றியதும் முன்பக்கம் அடங்கிவிட்டது. இன்னொருவருக்கு வேகமானி முள் துள்ளியது, பின்னாலிருந்து டிக் டிக் என்று சத்தம். கேபிள் உள்ளே காய்ந்துபோயிருந்தது. அப்புறம் ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு. வயரும் கேபிளும் நுழைகிற துளைகளில் ரப்பர் வெடித்திருந்தால் இன்ஜின் சத்தம் நேராக உள்ளே வரும். அதை விட்டுவிட்டு ஷீட் ஒட்டுவது கதவைத் திறந்துவைத்து ஏர்கான் போடுவது போல. ஃபெல்ட் ஈரத்தை இழுக்கும், நம்மூர்க் காற்றில் வெறும் தகட்டின்மேல் அது கிடந்தால் துருதான் மிச்சம். தகட்டுப் பக்கம் தண்ணீர் குடிக்காத நுரை போதும்.

அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப்போட முடியாது என்பதால், தரைவீட்டில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் தம் வாசலைத் தந்தார். அவருக்கும், பசியாறக் கொடுத்த அவர் வீட்டாருக்கும் நன்றி. பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் வரவில்லை. வராதவர்கள்தான் இரவு பத்து மணிக்கு மேல், "அண்ணே, ஸ்டியரிங் பக்கம் ஒரு சத்தம், இதோ கேளுங்க" என்று போனைக் காரிலேயே பிடிக்கிறார்கள். போனில் எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். செலவு வரவுக்குள் அடங்கியது, கொஞ்சம் கையிருப்பும் உண்டு. ஃபெல்ட்டுக்கும் டேப்புக்கும் ஆன தொகையில் பெரும்பகுதியைப் பயிற்சிக்கு வந்தவர்களே கொடுத்துவிட்டார்கள். மீதி ஃபெல்ட் ரோல் என் வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஜாகுவார் எக்ஸ்ஜே வைத்திருப்பவர்களுக்காக ஒரு நாள் ஒதுக்க ஆசை. அதில் முன்சக்கரப் பாகங்களைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமே ரப்பர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது போனால் டாஷ்போர்டில் என்ன ஒட்டினாலும் வீண். சங்கத்துக்கென்று ஒரு நல்ல ஜாக்கி இருந்தால் வசதி. சந்தா முழுவதும் வந்திருந்தால் இந்த ஆண்டே வாங்கியிருக்கலாம். செயலாளர் பொறுப்பில் தொடர்வதா என்று நானும் யோசிக்கிறேன். இளையவர்கள் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சி, ரோலையும் சேர்த்தே கொடுத்துவிடுவேன்.

பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். சரி, இந்த ஆண்டு படிக்கவில்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறார். பேநவ் வங்கிப் பரிமாற்றத்திலும் அனுப்பலாம்.